துல்லியமான குண்டெல்லாம் வேட்டைக் குண்டாகுமா? மேட்ச் குண்டும் மானும்

"நூறு கெஜத்தில் மூன்று குண்டும் ஒரே ஓட்டையில் விழுகிறது. மானுக்கு இதைவிட நல்ல குண்டு எது?" அமெரிக்காவில் மான் பருவம் திறக்கச் சில வாரங்கள் இருக்கும்போது, துப்பாக்கிக் கடைகளில் தவறாமல் எழும் கேள்வி இது. கேட்பவர் கையில் இருப்பது மேட்ச் குண்டு, அதாவது தாள் இலக்கைச் சுடும் போட்டிகளுக்கென்று செய்தது. "மேட்ச் குண்டால் மான் சாகாது, ஊசி குத்தினாற்போலத் துளைத்துக்கொண்டு போய்விடும்" என்பார் ஒருவர். "நான் சுட்ட மான் நின்ற இடத்திலேயே விழுந்ததே" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஒரே குண்டு இந்த இரண்டையும் செய்யக்கூடியது என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆகவே இங்கே பேசுவது உரிமமும் பருவமும் எண்ணிக்கை வரம்பும் வைத்து மான் வேட்டையை அனுமதிக்கும் இடங்களைப் பற்றி, முக்கியமாக அமெரிக்காவின் வெண்வால் மான், மியூல் மான் வேட்டையைப் பற்றி. அங்கே குடியேறி முதல்முறை உரிமம் எடுக்கும் தமிழர்களுக்கும் இந்தக் குழப்பம் வரும்.

தோட்டா வேறு, குண்டு வேறு

பேச்சுவழக்கில் இரண்டையும் கலந்தே சொல்கிறோம். இந்தக் கட்டுரையில் மட்டும் பிரித்துக்கொள்வோம். பித்தளைக் கூடு, அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் செருகிய உலோகத் துண்டு, இவை நான்கும் சேர்ந்தது தோட்டா. சுட்டதும் குழலைவிட்டுப் பறந்து போகும் அந்த உலோகத் துண்டு மட்டும்தான் குண்டு. ஒரே அளவுத் தோட்டாவுக்குள் பத்து வகைக் குண்டுகளைப் பொருத்தலாம். "எனக்கு .308 துப்பாக்கி, மானுக்குப் போதும்" என்பது பாதிப் பதில்தான். எந்தக் குண்டு என்பது மறுபாதி.

குண்டின் எடையைக் கிரெயின் என்ற அலகில் சொல்வார்கள். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. 168 கிரெயின் குண்டு ஏறத்தாழ 11 கிராம். பெரும்பாலான குண்டுகளுக்கு உள்ளே ஈயம், வெளியே செப்புக் கலவையாலான மெல்லிய சட்டை. அந்தச் சட்டை எவ்வளவு தடிமன், எங்கே மெலிகிறது, எங்கே திறந்திருக்கிறது என்பவைதான் இனி பேசப்போவதில் பெரும்பகுதி.

மோதகமும் மேட்ச் குண்டும்

மோதகம் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். மாவைக் கிண்ணம்போலக் குழித்து, மேல்வழியாகப் பூரணத்தை வைத்து, விளிம்பை மெல்லமெல்லக் குவித்து உச்சியில் சேர்க்கிறோம். அடி வழுவழுப்பாக, ஒரே சீராக இருக்கும். சேர்த்த இடமான உச்சியில்தான் சின்னத் துளையோ மடிப்போ மிஞ்சும்.

மேட்ச் குண்டையும் இப்படித்தான் செய்கிறார்கள். செப்புத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி நீட்டி, மேல்பக்கமாக ஈயத்தை இறக்கி, கடைசியில் நுனியைக் குவிக்கிறார்கள். அது முழுதாக மூடாமல் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை நிற்கும். ராணுவத்தின் வழக்கமான முழுச்சட்டைக் குண்டு இதற்குத் தலைகீழ். அதில் நுனி மூடியிருக்கும், ஈயத்தை அடிப்பக்கமாக நுழைப்பார்கள், மடிப்பு அடியில் வரும்.

மடிப்பு எங்கே இருந்தால் என்ன? துல்லியத்தைத் தீர்மானிப்பது அடிப்பகுதி. குண்டு குழலின் வாயைவிட்டு வெளியேறும்போது கடைசியாக விடுபடுவது அடிதான். அந்தக் கணத்தில் பின்னாலிருந்து வாயு பீறிட்டு வருகிறது. அடி ஒரு பக்கம் சற்றே ஏறியிறங்கி இருந்தால் வாயு அந்தப் பக்கமாகக் குண்டை நெட்டிவிடும். பம்பரத்திலிருந்து சாட்டை கழலும் கடைசி வெட்டு சரியாக விழாவிட்டால் பம்பரம் தள்ளாடுமே, அதைப்போல. குண்டும் பம்பரம்தான். குழலின் உட்சுவரில் திருகிச் செல்லும் வரிகள் அதைச் சுழலவைக்கின்றன. அந்த முறுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக உள்ள குழலிலிருந்து விநாடிக்கு 2700 அடி வேகத்தில் புறப்படும் குண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,43,000 சுற்றுச் சுற்றுகிறது. அத்தனை வேகச் சுழற்சியில் மயிரிழை ஏற்றத்தாழ்வும் தாளில் தெரியும். அதனால்தான் அடியைச் சீராக வைத்து, மடிப்பை மூக்குக்குக் கொண்டுபோனார்கள்.

ஆக, மேட்ச் குண்டின் மூக்கிலுள்ள துளை விரிவதற்காகப் போட்டதல்ல. செய்முறையில் மிஞ்சியது. நுனியில் துளையைப் பார்த்ததும் "வேட்டைக் குண்டுபோல விரியும்" என்று எடுத்துக்கொள்வதிலிருந்துதான் மற்றத் தவறுகள் எல்லாம் பிறக்கின்றன.

இந்தத் துளையைப் பற்றி ஒரு சட்ட விவாதமே நடந்திருக்கிறது. உடலுக்குள் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று 1899-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு பிரகடனம் செய்தார்கள். அதற்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் ஒன்று கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் 1890-களில் செய்யப்பட்ட, மூக்கில் ஈயம் வெளியே தெரியும் குண்டு. பின்னாளில் அமெரிக்க ராணுவம் குறிசுடும் வீரர்களுக்கு மேட்ச் குண்டு கொடுக்க நினைத்தபோது, மூக்கில் துளை உள்ள குண்டு இந்தத் தடைக்குள் வருமா என்ற கேள்வி எழுந்தது. ராணுவச் சட்டப் பிரிவின் டபிள்யூ. ஹேய்ஸ் பார்க்ஸ் 1990-இல் எழுதிய கருத்துரை, வராது என்றது. அந்தத் துளை விரிவதற்காக வைத்ததல்ல, துல்லியத்துக்கான செய்முறையின் விளைவு என்பதே காரணம். போர்ச் சட்டத்தில் அனுமதி பெற்றுத் தந்த அதே காரணம்தான் வேட்டையில் இந்தக் குண்டின் குறை.

வேட்டைக் குண்டு உள்ளே போய் என்ன செய்கிறது

மான் சாவது குண்டின் "அடி"யால் அல்ல. நுரையீரலும் இதயமும் பெரிய குழாய்களும் கிழிந்து, மூளைக்கு ரத்தம் போவது நின்றுதான் சாகிறது. மூளையோ தண்டுவடமோ அடிபட்டால் உடனே விழும். ஆனால் அவை சிறிய இலக்கு, தலையும் கழுத்தும் அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே வேட்டைக்காரர் குறிவைப்பது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் உள்ள இடத்தை. அங்கே குண்டு மூன்று வேலை செய்ய வேண்டும். தோலையும் விலாவையும் தாண்டி உள்ளே போக வேண்டும். உள்ளே போனதும் அகன்று அகலமாகக் கிழிக்க வேண்டும். முடிந்தால் மறுபக்கம் வெளியேறவும் வேண்டும்.

மடக்கிய குடையை ஒரு வேலிச் சந்துக்குள் நுழைத்து, அந்தப்பக்கம் போனதும் விரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விரிக்காமலே இழுத்தால் சின்ன ஓட்டைதான் மிஞ்சும். சந்துக்கு வெளியிலேயே விரிந்தால் உள்ளே போகாது. விரியும்போது கம்பிகள் முறிந்து சிதறினால் பாதியில் நின்றுவிடும். வேட்டைக் குண்டைச் செய்பவர்கள் போராடுவது இந்த மூன்றோடும்தான்.

மென்முனைக் குண்டில் நுனி ஈயம் வெளியே தெரியும். சட்டை நுனியில் மெலிந்தும் அடியை நோக்கித் தடித்தும் இருக்கும். சதையில் மோதியதும் நுனி நசுங்கிக் காளான்போல அகலும், தடித்த இடத்தில் அகல்வது நிற்கும். பிணைத்த குண்டில் ஈயத்தையும் செம்பையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பார்கள். அதனால் எலும்பில் மோதினாலும் எளிதில் பிரியாது. நாஸ்லர் பார்ட்டிஷன் குண்டின் நடுவே செம்பாலான ஒரு குறுக்குச் சுவர் உண்டு. முன்பாதி சிதைந்துபோனாலும் பின்பாதி ஆழமாகப் போகும். 1940-களில் மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடியபோது தன் குண்டுகள் உடைந்து சிதறியதைக் கண்ட ஜான் நாஸ்லர் அதற்கு விடையாகச் செய்தது அது. பார்ன்ஸ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த எக்ஸ் குண்டு ஈயமே இல்லாத முழுச்செம்பு. அதன் மூக்கிலும் துளை உண்டு, ஆனால் ஆழமானது. மோதியதும் நான்கு இதழ்களாக மலர்வதற்கென்றே வடித்தது.

இதுவரை சொன்னதன் சாரம்: வேட்டைக் குண்டின் சட்டையும் மூக்கும் சதைக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை நினைத்து வடித்தவை. மேட்ச் குண்டை வடித்தவர் தாள்வரை மட்டுமே நினைத்தார்.

மேட்ச் குண்டு மானுக்குள் போனால்

தீபாவளிச் சரத்தில் நமத்துப்போன வெடிகள் கலந்திருப்பதுபோல என்று சொல்லலாம். பல வெடிக்கும், சில புஸ்ஸென்று அடங்கும். எது எது என்று திரியைப் பற்றவைக்கும்முன் தெரியாது.

வெடிக்கும்போது நடப்பது இது. மூக்கின் மெல்லிய கூம்பு நசுங்கி, மெல்லிய சட்டை கிழிந்து, ஈயம் தூள்தூளாகச் சிதறுகிறது. இது விலாவைத் தாண்டி நுரையீரலுக்குள் நடந்தால் சேதம் பயங்கரமாக இருக்கும், மான் சில அடிகூட நகராமல் விழலாம். "என் மான் விழுந்ததே" என்பவர் பார்த்தது இதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை.

அதே குண்டு, மான் சற்றுத் திரும்பி நிற்கும்போது தோள் எலும்பில் அருகிலிருந்து, முழு வேகத்தில் மோதினால்? நுரையீரலை எட்டும் முன்னரே சிதறிவிடக்கூடும். தோளில் பெரிய காயத்தோடு, உள்ளுறுப்புகள் முழுதாக, மான் மூன்று காலில் ஓடிவிடும். மெதுவான, வேதனையான சாவு அது. தேடிக் கண்டுபிடிப்பதும் அரிது.

மூன்றாவது, எதிர்ப்பக்கக் கோளாறு. தூரத்தில் வேகம் குறைந்த பிறகு, அல்லது எலும்பே படாமல் விலாவுக்கு நடுவே நுழைந்தால், மூக்கு நசுங்காமல் முனை அப்படியே இருக்கும். குண்டின் அகலத்துக்கே ஓட்டை விழுந்து மறுபக்கம் போய்விடும். துளை வளைந்தோ அடைபட்டோ இருந்தால் இதற்கான வாய்ப்பு கூடும். சில குண்டுகள் உள்ளே நிலைகுலைந்து புரண்டு, நுழைந்த திசையை விட்டு விலகியும் போகும்.

இன்னொன்றும் உண்டு. முற்றிலும் சிதறும் குண்டு வெளியேறாது. வெளியேறும் ஓட்டை இல்லாவிட்டால் தரையில் ரத்தம் குறைவு. நுரையீரலில் அடிபட்ட மான்கூட 50 முதல் 100 கெஜம் ஓடுவது சாதாரணம். புதரடர்ந்த காட்டில், பொழுது சாயும் நேரத்தில், ரத்தத் தடமில்லாமல் அந்தத் தூரம் பெரிய தூரம்.

வேகம் என்ற தாழ்ப்பாள்

ஒவ்வொரு விரியும் குண்டுக்கும், இதற்குக் கீழே விரியாது என்று ஒரு வேகம் உண்டு. பல ஈயக் குண்டுகளுக்கு விநாடிக்கு 1800 அடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. .308-இல் 168 கிரெயின் மேட்ச் தோட்டா விநாடிக்கு ஏறத்தாழ 2650 அடியில் புறப்பட்டு, 500 கெஜத்தில் சுமார் 1800-க்கு இறங்கிவிடும். விரிவதற்கென்றே வடித்த குண்டே அங்கே எல்லையில் நிற்கும். விரிவதற்காக வடிக்காத குண்டிடம் அந்த வேகத்தில் எதையும் எதிர்பார்க்க முடியாது.

சோகம் என்னவென்றால், மேட்ச் குண்டை வேட்டைக்கு எடுப்பவர்களில் பலர் எடுப்பது தூரத்துக்காகத்தான். காற்றைப் பிளந்து வேகத்தைத் தக்கவைக்கும் திறனைக் காற்றெதிர்ப்புக் குணகம் என்ற எண்ணால் அளக்கிறார்கள். எண் பெரிதானால் காற்று தள்ளுவது குறையும். நீண்டு ஒல்லியான மேட்ச் குண்டுகளுக்கு இது அதிகம் என்பது உண்மை. ஆனால் இப்போது அதற்காக மேட்ச் குண்டுக்குப் போக வேண்டியதில்லை. 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா அளவுக்கு ஹார்னடி நிறுவனத்தின் 140 கிரெயின் இ.எல்.டி. மேட்ச் குண்டின் எண் 0.646. அதே நிறுவனம் வேட்டைக்கென்று செய்யும் 143 கிரெயின் இ.எல்.டி.-எக்ஸ் குண்டின் எண் 0.625. மான் சுடும் தூரங்களில் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் காண முடியாது. உள்ளே போன பிறகு வரும் வித்தியாசத்தைத்தான் காண முடியும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? ஒரு கணக்கு

குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதைக் கோண நிமிடத்தில் சொல்வார்கள். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அது. 100 கெஜத்தில் ஏறத்தாழ 1 அங்குலம், 200-இல் 2 அங்குலம்.

உங்கள் துப்பாக்கி மேட்ச் குண்டோடு அரைக் கோண நிமிடமும், சாதாரண வேட்டைக் குண்டோடு ஒன்றேகால் நிமிடமும் தருவதாக வைத்துக்கொள்வோம். தாளில் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 200 கெஜத்தில் முதலாவது சுமார் 1 அங்குல வட்டம், இரண்டாவது சுமார் இரண்டரை அங்குல வட்டம். நடுவிலிருந்து பார்த்தால் முக்கால் அங்குல வித்தியாசம். வெண்வால் மானின் இதய-நுரையீரல் பகுதியோ 8 அங்குலத் தட்டு அளவு. இந்த முக்கால் அங்குலம் அங்கே எதையும் மாற்றாது. குளிரில் விறைத்த விரலும், ஏறி வந்த மூச்சும், முட்டிபோட்டுச் சுடும் நிலையும் அதைவிடப் பலமடங்கு தள்ளிவிடும். கூடுதல் துல்லியம் வேண்டுமென்றால் முட்டிபோட்டும் உட்கார்ந்தும் பழகுங்கள். அது குண்டிலிருந்து வராது.

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது

மேட்ச், டார்கெட், காம்பெடிஷன், ஓ.டி.எம். (திறந்த முனை மேட்ச்) என்ற சொற்கள் இருந்தால் அது தாளுக்கு. எச்.பி.பி.டி. அல்லது பி.டி.எச்.பி. என்பது துளைமூக்கும் குறுகிய வாலும் என்ற வடிவத்தை மட்டும் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சாஃப்ட் பாயிண்ட், பாண்டட், ஹண்டிங் என்றிருந்தால் வேட்டைக்கு.

சியரா நிறுவனம் தன் மேட்ச்கிங் குண்டுகளை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை. அதற்கென்று கேம்கிங் என்ற தனி வரிசை வைத்திருக்கிறது. செய்தவரே வேண்டாம் என்று சொல்வதை மதிப்பதே முறை. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் கடை அடுக்கில் கை மாறிவிடும், ஒவ்வோர் எழுத்தையும் படியுங்கள்.

பெர்கர் மட்டும் சற்று வேறு கதை. போட்டிக் குண்டில் புகழ்பெற்ற அந்த நிறுவனம் வேட்டைக்கும் அதே மேட்ச் வடிவத்தில் குண்டு செய்கிறது. முதல் 2, 3 அங்குலம் உள்ளே போய்ப் பிறகு சிதறும்படி, மெல்லிய சட்டையோடு வேண்டுமென்றே அமைத்தது அது. "பெர்கரும் மேட்ச் குண்டுதானே, மான் விழுகிறதே" என்ற வாதம் இங்கே வழுக்குகிறது. பெர்கரின் வேட்டை வரிசையும் போட்டி வரிசையும் ஒரே சட்டைத் தடிமன் கொண்டவை அல்ல. வேட்டை வரிசையிலும் தோளுக்குச் சற்றுப் பின்னால் விலாவில் சுடுவதே பொருத்தம், தோள் எலும்பை நேரே குறிவைப்பதல்ல.

சட்டம்

கொலராடோ மாநிலத்தில் மானுக்குச் சுடும் ரைஃபிள் குண்டு விரியும் வகையாக இருக்க வேண்டும், எடை குறைந்தது 70 கிரெயின், 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். இங்கிலாந்தின் 1991 மான் சட்டம் மென்முனை அல்லது துளைமூக்குக் குண்டையே அனுமதிக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் சொற்கள் மாறும். அந்தப் பருவத்தின் விதிப்புத்தகத்தைப் படிக்காமல் தோட்டா வாங்காதீர்கள்.

சமையலறைவரை வரும் ஈயம்

சிதறும் குண்டு இறைச்சியையும் விடாது. ஈயத் துகள் காயத்தைச் சுற்றி மட்டும் நிற்பதில்லை, ஓர் அடிக்கும் மேல் தள்ளிக்கூடப் போகும். கண்ணுக்குத் தெரியாத துகளைக் கத்தியால் ஒதுக்க முடியாது. 2008-இல் வடக்கு டகோட்டா மாநிலச் சுகாதாரத் துறை, தானமாக வந்த அரைத்த மானிறைச்சியைத் தூக்கியெறியும்படி உணவு வங்கிகளிடம் சொன்னது இதனால்தான். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. கைவிட்ட குடலைத் தின்னும் காண்டார் கழுகுகள் ஈயநஞ்சால் செத்தது அதற்கு முக்கியக் காரணம்.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் வீடாக இருந்தால் முழுச்செம்புக் குண்டே என் பரிந்துரை. ஈயக் குண்டுதான் என்றால், காயத்தடத்தைச் சுற்றி ரத்தம் கட்டிய சதை முழுவதையும் தாராளமாக வெட்டி எறியுங்கள், அதை அரைக்கும் இயந்திரத்தில் போடாதீர்கள். ஒரு துண்டிலிருக்கும் ஈயத்தை அரைப்பான் மொத்தக் குவியலுக்கும் பரப்பிவிடும்.

குண்டை மாற்றினால்

மேட்ச் குண்டில் பழகிவிட்டு, பருவத்துக்கு முந்தைய நாள் வேட்டைக் குண்டுக்கு மாறுவது அடுத்த தவறு. எடை ஒன்றாகவே இருந்தாலும் விழும் இடம் மாறும். சில துப்பாக்கிகளில் 100 கெஜத்திலேயே 2, 3 அங்குலம் தள்ளிப்போகும். வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவில் குறைந்தது இரண்டு பெட்டி வாங்குங்கள், ஒரே தயாரிப்பு எண்ணாகப் பார்த்து. குழல் ஆறட்டும். மூன்று மூன்றாகச் சுட்டு 100 கெஜத்தில் குறியைச் சரிசெய்யுங்கள். பிறகு நீங்கள் சுடத் துணியும் அதிகபட்சத் தூரத்தில் அதே தோட்டாவைச் சுட்டுப் பாருங்கள். முழுச்செம்புக் குண்டு ஈயக் குண்டைவிட நீளமாக இருக்கும் என்பதால் முறுக்கு மெதுவான பழைய குழல்களில் சில குண்டுகள் நிலைக்காது. தாளில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீள்வட்டம் தெரிந்தால் குண்டு பக்கவாட்டில் போகிறது என்று அர்த்தம். எடை குறைந்த குண்டுக்கு மாறுங்கள்.

விரிவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? அனுமதி உள்ள சுடுதளத்தில், பின்னால் மண்மேடு இருக்க, தண்ணீர் நிரப்பிய ஒரு கேலன் பிளாஸ்டிக் குடுவைகள் ஆறை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வையுங்கள். தண்ணீர் சதையாகாது, ஆகவே எத்தனை குடுவை துளைத்தது என்பதை மானின் அங்குலமாக மாற்றிக் கணக்குப்போட வேண்டாம். இரண்டு குண்டுகளை ஒப்பிட மட்டும் இது போதும். கடைசிக் குடுவையின் அடியில் கிடைக்கும் குண்டை எடுத்து நிறுத்துப் பாருங்கள். நல்ல வேட்டைக் குண்டு காளானாக, பெரும்பாலான எடையோடு இருக்கும். மேட்ச் குண்டிலோ பெரும்பாலும் கிழிந்த செப்புச் சட்டை மட்டும் கையில் வரும். சில சமயம் எதுவுமே கிடைக்காது. தூரத்திலிருந்தும் ஒருமுறை சுடுங்கள், மெதுவான குண்டு விரிகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

மான் விழுந்த பிறகும் வேலை இருக்கிறது. தோலுரிக்கும்போது நுழைந்த ஓட்டையின் அகலம், உள்ளே போன தடம், எந்த எலும்பு பட்டது, வெளியேறிய ஓட்டை உண்டா, எவ்வளவு தூரம் ஓடியது என்று பாருங்கள். குண்டின் பெயரும் எடையும் சுட்ட தூரமும் சேர்த்து ஒரு நோட்டில் நான்கு வரி எழுதி வையுங்கள். அடுத்த பருவத்தில் கடை அடுக்கின் முன்னால் நிற்கும்போது அந்த நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.